பின்னோக்கிச் சறுக்கும் தொழில்: ஐஸ் ஹாக்கி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றியவை. ஆகவே இந்தப் பக்கம் முழுக்க அவர்களுக்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் களத்தில் ஆறு பேர். கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்கள ஆட்டக்காரர் மூவர்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஒரு தடுப்பாட்டக்காரரின் கணக்கைப் பார்த்தேன். 700 ஆட்டம், 25 கோல். இதற்கா இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள்?

கோல் பத்தியை விட்டுவிட்டு 700 என்ற எண்ணைப் பாருங்கள். வட அமெரிக்காவின் முதன்மையான என்.எச்.எல். லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி இறக்குவது பெரும்பாலும் ஆறே தடுப்பாட்டக்காரர்கள். 32 அணிக்கும் சேர்த்து 192 இடம். உலகமே மோதும் அந்த 192 இடங்களில் ஒன்றை, 82 ஆட்டப் பருவக் கணக்கில் எட்டரைப் பருவம் விடாமல் வைத்திருந்திருக்கிறார். கோல் போடாத ஒருவரை அத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்றால் வேறு ஏதோ வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அது என்ன வேலை என்று ஆடுகள நேரம் சொல்லும். 60 நிமிட ஆட்டத்தில் முதல் ஜோடிக்கு 23 முதல் 25 நிமிடம் கிடைக்கும். மூன்றாம் ஜோடிக்கு 14, 15. அதிலும் தன் அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எத்தனை நிமிடம் ஆடினார் என்று தனியாகப் பாருங்கள். அது இரண்டரை, மூன்று நிமிடத்தைத் தொட்டால், பயிற்சியாளர் நெருக்கடியில் முதலில் கூப்பிட்ட ஆள் அவர்தான். 1997-98க்கு முன் ஆடியவர்களுக்கு இந்தக் கட்டம் காலியாக இருக்கும். லீக் அந்தப் பருவத்திலிருந்துதான் நேரத்தைப் பதிவு செய்கிறது.

பிளஸ்-மைனஸ் என்ற பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். நீங்கள் களத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். எதிரணி ஆள் குறைவாக இருக்கும்போது போடும் கோல் கணக்கில் சேராது. ஆனால் காலி வலைக்குள் விழுவது சேரும். இங்கேதான் சிக்கல். கடைசி நிமிடத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுச் சிறந்த ஆட்களை இறக்கும். காலி வலையில் விழும் கோல் அந்தச் சிறந்த ஆட்களின் தலையில் எழுதப்படும். 2022-23ல் எரிக் கார்ல்சன் 101 புள்ளி (கோலும், கோலுக்கான பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்துச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கினார். அதே பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் மைனஸ் 26. அணி பலவீனமான அணி. மாறாக, 1970-71ல் பாபி ஆர் பிளஸ் 124. ஒரே பருவத்தில் யாரும் அதைத் தாண்டவில்லை. வாழ்நாள் கணக்கில் எழுநூறைத் தாண்டிய லேரி ராபின்சன் ஆடியது பலமான மான்ட்ரியல் அணியில். ஆகவே அந்த எண்ணை அவருடைய சக ஆட்டக்காரர்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள், மற்ற அணிக்காரர்களோடு வேண்டாம்.

தண்டனை நிமிடமும் பாருங்கள். டெட்ராய்ட்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1,564 ஆட்டத்தில் 514 நிமிடம். மூன்று ஆட்டத்துக்கு ஒரு நிமிடம். எதிராளியைப் பிடித்து இழுக்க வேண்டிய நிலைக்கே அவர் வரவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: இந்தத் தொழிலுக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்? எந்த வயதில் முடிவாகிறது?

கனடாவில் வழக்கமான பாதை 16 வயதில் மேஜர் ஜூனியர். ஒன்டாரியோ, மேற்கு, க்யூபெக் என மூன்று லீக். 18 வயதில் என்.எச்.எல். டிராஃப்ட், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு, ஏழு சுற்று. தேர்வானவர் உடனே பெரிய அணியில் நிற்கத் தேறாவிட்டால் 20 வயது வரை ஜூனியருக்கே திரும்ப வேண்டும் என்பது என்.எச்.எல்.லுக்கும் ஜூனியர் லீக்குகளுக்கும் நடுவில் நீண்ட நாள் இருந்த ஒப்பந்தம். என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்றிருந்தது. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி இன்னொரு வழி. ஜூனியரில் ஒரு நாள் ஆடினாலும் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்றிருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை போய்விட்டது. 16 வயதுப் பையனின் குடும்பம் இனி அந்த ஒரு முடிவுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் ஊர் கிளப்பின் இளைஞர் அணியிலிருந்து முதல் அணிக்கு ஏறி, பெரியவர்களோடு ஆடிப் பழகிய பிறகு வருகிறார்கள்.

தடுப்பாட்டக்காரர் மெதுவாகத்தான் பழுப்பார். முன்கள ஆட்டக்காரர் தவறினால் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர் தவறினால் கோல்கீப்பர் மட்டும். அதனால் 18 வயதில் இவரை மதிப்பிடுவது கஷ்டம். லிட்ஸ்ட்ரோமை 1989ல் 53வது ஆளாக எடுத்தார்கள். நோரிஸ் விருது ஏழு முறை வாங்கினார். ஸ்லோவாகியாவின் ட்ரென்சினிலிருந்து வந்த ஸ்டெனோ காரா 1996ல் 56வது ஆள். அவரை எடுத்த நியூயார்க் ஐலண்டர்ஸ் 2001ல் ஒட்டாவாவுக்குக் கைமாற்றியது. 2009ல் நோரிஸ், 2011ல் பாஸ்டனின் கேப்டனாக லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பை. ஐலண்டர்ஸ் ரசிகர்களிடம் இதைக் கிளறாதீர்கள்.

கேள்வி: எதிராளி முழு வேகத்தில் முன்னோக்கி வருகிறார். இவர் பின்னோக்கிச் சறுக்குகிறார். பின்னோக்கிப் போகிறவர் எப்படித் தோற்காமல் இருக்கிறார்?

வேகத்தில் தோற்பார். அதனால் வேகப் போட்டியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

எல்லாமே இடைவெளியில் இருக்கிறது. எதிராளி, தான் தாக்கும் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தொடும்போது இருவருக்கும் நடுவே ஒரு ஸ்டிக் நீளம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் விட்டால் அவர் விரும்பிய இடத்தில் நின்று அடிப்பார். குறைந்தால் ஒரே வெட்டில் தாண்டிப் போவார். இந்த இடைவெளி நீலக்கோட்டில் உருவாவதில்லை. பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கைமாறிய உடனே தடுப்பாட்டக்காரர் முதலில் முன்னோக்கி நாலு அடி ஏறிப் போய், பிறகு திரும்பிப் பின்னோக்கிச் சறுக்க ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் எதிராளி வந்து சேரும்போது இவரும் ஓட்டத்தில் இருப்பார். நின்ற இடத்திலிருந்து பின்வாங்கத் தொடங்குபவர் அந்தக் கணமே தோற்றுவிட்டார்.

பிறகு உடம்பின் இடம். தன் வெளித்தோள் எதிராளியின் உள்தோளுக்கு நேராக வருமாறு நிற்பார். களத்தின் நடுப்பகுதி அடைபட்டு, பலகை ஓரம் மட்டும் திறந்திருக்கும். 'அந்தப் பக்கம் போய்க்கொள்' என்று வாசலைக் காட்டுவது. ஓரத்திலிருந்து அடிக்கும் பக்குக்குக் கோணம் குறைவு, கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார்.

ஸ்டிக் ஒரு கையில், பிளேடு பனியில், முழங்கை மடங்கி. முழுக்க நீட்டிவைத்தால் எட்டும் தூரம் எதிராளிக்குத் தெரிந்துவிடும். மடக்கி வைத்துத் திடீரென நீட்டினால் அவர் எதிர்பார்த்ததைவிட இரண்டடி கூடுதலாக வந்து பக்கைத் தட்டும். கண் பக்கின் மேல் இருக்கக் கூடாது. சட்டையின் மார்புச் சின்னத்தில் இருக்க வேண்டும். கையும் தலையும் ஏமாற்றும், மார்பு ஏமாற்றாது. கால் விஷயத்தில் ஒன்று: இந்த நேரத்தில் காலைக் குறுக்கே வைக்கக் கூடாது. பாதம் அரைவட்டமாக வெளியே தள்ளி உள்ளே வர வேண்டும். கால் பின்னியிருக்கும் கால் விநாடிக்காகத்தான் நல்ல முன்கள ஆட்டக்காரர் காத்திருக்கிறார்.

வழக்கமாக நடக்கும் பிழை மூன்று: ஸ்டிக்கை வீசிப் பாய்வது, தேவைக்கு முன்பே இடுப்பைத் திருப்புவது, பயத்தில் பின்வாங்கிக்கொண்டே போய்ச் சொந்தக் கோல்கீப்பரின் கண்ணை மறைப்பது. மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் செய்தவருக்கே அது தெரியாது.

எதிராளி இருவர், தடுப்பவர் ஒருவர் என்றால் கணக்கு எளிது. பக் வைத்திருப்பவர் கோல்கீப்பருக்கு. குறுக்கே போகும் பாஸ் இவருக்கு. இரண்டையும் தானே பார்க்க நினைப்பவர் இரண்டையும் விடுவார்.

கேள்வி: தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் மோசமான காயங்கள் அதிகம் என்கிறார்களே, ஏன்?

மூலையில் கிடக்கும் பக்கை எடுக்க முதுகைக் காட்டிக்கொண்டு போவது அவர்கள்தான். பின்னால் 95 கிலோ ஆள் முழு வேகத்தில் வருகிறார்.

சரியாகச் செய்பவரைக் கவனித்தால், பக்கைத் தொடும் முன் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். முதல் பார்வை எத்தனை பேர் வருகிறார்கள் என்று. இரண்டாவது எந்தப் பக்கமாக என்று. பக்கை நோக்கி நேராகப் போகாமல் சாய்கோணத்தில் போவார். பலகையை ஒட்டிவிடுவார், இல்லாவிட்டால் நன்றாகத் தள்ளி நிற்பார். பலகைக்கு மூன்று, நாலு அடி தள்ளி முதுகைக் காட்டி நிற்பதுதான் ஆபத்து: மோதினால் தலை முதலில் போய் பலகையில் இடிக்கும் தூரம் அது. இதற்கிடையே ஜோடிக்காரரும் கோல்கீப்பரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். 'வீல்' என்றால் வலைக்குப் பின்னால் சுற்றி எடுத்துப் போ. 'ரிவர்ஸ்' என்றால் வந்த திசைக்கே திருப்பித் தள்ளு. 'ஓவர்' என்றால் குறுக்கே ஜோடிக்குக் கொடு. 'ரிம்' என்றால் பலகையோடு சுழற்றி அடி. ஒரு சொல் தாமதமானால் ஒரு தோள்பட்டை போகும்.

விதிகளும் இதில் கைவைத்திருக்கின்றன. 2004-05 பருவம் கதவடைப்பில் ரத்தான பிறகு லீக் ஆட்டத்தை வேகமாக்கியது. துரத்தி வரும் ஆளை ஜோடிக்காரர் கொஞ்சம் மறித்துத் தாமதப்படுத்துவது அதற்கு முன் சகஜம். அதைக் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். கோல்கீப்பர் மூலைக்கு வந்து பக்கை எடுத்துக் கொடுப்பதையும் தடுத்தார்கள். இரண்டு உதவியும் ஒரே பருவத்தில் போயின. பெரிய உடம்போடு மெதுவாக ஆடிய தலைமுறைத் தடுப்பாட்டக்காரர்கள் அதன் பிறகு சில வருடங்களில் காணாமல் போனார்கள். 2005க்குப் பின் ஒருவருடைய வாழ்க்கை திடீரென முடிந்திருந்தால் காரணம் காயமாக இருக்க வேண்டியதில்லை, விதியாகவும் இருக்கலாம்.

ஐசிங் விதியின் கதை இன்னும் கசப்பு. எதிரணி தன் பாதியிலிருந்து பக்கை நீளமாக அடித்துவிட்டால், தடுப்பாட்டக்காரர் முதலில் போய் அதைத் தொட்டால்தான் ஆட்டம் நிற்கும் என்பது பழைய விதி. ஆக, பின்பலகையை நோக்கி இரண்டு பேர் முழு வேகத்தில் ஓட்டப்பந்தயம். 2008 மார்ச்சில் மினசோட்டாவின் கர்ட்டிஸ் ஃபாஸ்டருக்கு இப்படி ஓடியதில் தொடை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு மீண்டு வந்தார். 2013 ஏப்ரலில் கரோலினாவின் ஃபின்லாந்துக்காரர் ஜோனி பிட்கனென் அதே மாதிரி ஓட்டத்தில் பலகையில் மோதிக் குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டார். 2002 டிராஃப்டில் நாலாவது ஆளாக எடுக்கப்பட்டவர், வயது 29, அதன் பிறகு என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே 'கலப்பு ஐசிங்' வந்தது: பலகை வரை ஓட வேண்டாம், கோல் கோட்டுக்கு 20 அடி முன்னாலிருக்கும் முகப்புப் புள்ளியை யார் முதலில் எட்டுவார் என்று நடுவர் பார்த்து விசில் அடிப்பார். ஐந்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

கேள்வி: இரண்டாம் பகுதியில் மட்டும் நல்ல தடுப்பாட்டக்காரர்கள்கூடத் தள்ளாடுவது ஏன்?

பெஞ்ச் தூரம். முதல், மூன்றாம் பகுதியில் தன் பெஞ்ச் தான் காக்கும் வலைக்கு அருகில். இரண்டாம் பகுதியில் பக்கம் மாறுவதால் அது களத்தின் எதிர்ப்பாதியில் போய்விடும். வழக்கமான ஷிஃப்ட், அதாவது ஒருமுறை இறங்கினால் ஆடும் நேரம், 45 விநாடி. எதிரணி முற்றுகை போட்டால் அது ஒன்றரை நிமிடமாகும். ஆள் மாற்றிக்கொள்ள அத்தனை தூரம் போக முடியாது. தப்பிக்க ஐசிங் அடித்தாலும் பயனில்லை, 2005-06 முதல் ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக் கூடாது. நெஞ்சு வெடிக்க நிற்கும் அதே ஐவர் எதிரணியின் புதிய ஐவரைச் சந்திப்பார்கள்.

கேள்வி: அவர்களுடைய ஸ்கேட்டும் ஸ்டிக்கும் தனி ரகமா?

ஸ்கேட் ரகம் ஒன்றுதான், தீட்டும் விதம் மாறும். பிளேடின் அடி தட்டையாக இருக்காது. சக்கரக் கல்லால் நீளவாக்கில் ஒரு குழிவு வெட்டுவார்கள், இரண்டு ஓரமும் கத்தி முனையாக நிற்கும். குழிவின் ஆரம் அரை அங்குலம் என்பது பலருக்கும் தொடங்கும் இடம். எட்டில் மூன்று அங்குலம் என்றால் ஆழம் கூடி நன்றாகக் கவ்வும், வழுக்கு குறையும். எட்டில் ஐந்து என்றால் கவ்வல் குறைந்து ஓட்டம் நீளும். எடை கூடியவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்வார்கள், உடம்பின் கனமே ஓரத்தைப் பனிக்குள் அழுத்திவிடும்.

திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் கால் நழுவினால் கூர் மழுங்கிவிட்டது என்று உடனே மறுபடி தீட்டக் கொடுக்காதீர்கள். பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நாணயம் சாய்ந்திருந்தால் ஒரு முனை உயரம், மறு முனை தாழ்வு. தீட்டிய இயந்திரத்தில் பிளேடு நடுவில் பொருந்தவில்லை. அப்படியே எத்தனை முறை தீட்டினாலும் நழுவும். தீட்டிய பின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சாணைக்கல்லால் பக்கவாட்டில் ஒருமுறை இழுத்து எடுப்பதும் முக்கியம்.

ஸ்டிக்கில் தடுப்பாட்டக்காரர்கள் கொஞ்சம் நீளமும் விறைப்பும் விரும்புவார்கள். நீளம் எட்டுவதற்கு, விறைப்பு தூரத்திலிருந்து அடிப்பதற்கு. லீக்கின் உச்சவரம்பு 63 அங்குலம். 6 அடி 9 அங்குலம் உயரக் காராவுக்கு 65 அங்குலம் வரை அனுமதி தந்தார்கள். 2012ல் அவர் அடித்த அடி மணிக்கு 108.8 மைல், 175 கிலோமீட்டர். ஸ்லாப் ஷாட்டில் ஸ்டிக் பக்கை நேரடியாக அடிப்பதில்லை. பக்குக்குச் சில அங்குலம் முன்னால் பனியை அடித்து வில்லாக வளையும். நிமிரும்போது பக்கை எறியும். ஸ்டிக் உடைவதும் அந்த வளைவில்தான். முந்தைய அடியில் கோடு விழுந்த ஸ்டிக் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும், நீலக்கோட்டில் வைத்து இரண்டாகும். அங்கே கடைசி ஆளாக நிற்பவர் கையில் பாதி ஸ்டிக்கோடு எதிராளியைத் துரத்துவார்.

கேள்வி: ஒரு கண் பார்வை போன பிறகும் ஒருவர் ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. பிரையன் பெரார்ட், அமெரிக்கர், 1995 டிராஃப்டின் முதல் ஆள், 1997ல் சிறந்த புதுமுகம். 2000 மார்ச் 11 அன்று டொரன்டோவுக்காக ஆடியபோது, எதிராளி பக்கை அடித்து ஸ்டிக்கைச் சுழற்றி முடிக்கையில் பிளேடு இவருடைய வலது கண்ணில் பட்டது. முகக்கண்ணாடி அணியவில்லை. பல அறுவை சிகிச்சை. லீக்கில் ஆட ஒவ்வொரு கண்ணுக்கும் குறைந்தபட்சப் பார்வை 20/400 வேண்டும். தொடுவில்லை போட்டு அந்த அளவை எட்டினார். திரும்பி ஆடுவதானால் காப்பீட்டுத் தொகை 65 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டு 2001ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு ஆட வந்தார். 2004ல் விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருது.

ஆழம் துல்லியமாகத் தெரிவது இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான். பலகையிலிருந்து தெறித்து வரும் பக்கின் தூரத்தை இவர் எப்படிக் கணித்தார் என்பதை யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு லீக் முகக்கண்ணாடியைக் கட்டாயமாக்கியது 2013-14ல்தான். அதுவும் 26 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர்களுக்கு மட்டும். 2013 மார்ச்சில் மார்க் ஸ்டால் என்ற ரேஞ்சர்ஸ் தடுப்பாட்டக்காரரின் கண்ணில் பக் பட்டது விவாதத்தை முடித்துவைத்தது.

கேள்வி: லட்சக்கணக்கில் டாலர் வாங்கியவர்கள் எப்படிக் கடனாளி ஆகிறார்கள்?

முதலில், கையில் வருவது தாளில் இருப்பதைவிடக் குறைவு. 2025-26ல் என்.எச்.எல். குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். ஆனால் இருவழி ஒப்பந்தக்காரருக்கு அது நாள் கணக்கு: பெரிய அணியில் இருக்கும் நாளுக்கு 4,000 டாலர் அளவில், ஏ.எச்.எல்.லுக்கு இறக்கிய நாளுக்குச் சில நூறு. ஆறாவது, ஏழாவது தடுப்பாட்டக்காரர் ஒரே மாதத்தில் நாலு முறை ஏறி இறங்குவார். மேலே சொன்ன 700 ஆட்டக்காரருக்குக் கீழே, 40 ஆட்டத்தோடு நின்றுபோனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

பிறகு எஸ்க்ரோ. 2013 முதல் லீக் வருவாயில் ஆட்டக்காரர் பங்கு சரிபாதி. ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிடலாம் என்பதால் ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். தாண்டினால் அது முதலாளிகளுக்கே. கொரோனா பாதித்த 2020-21ல் அந்தப் பிடித்தம் 20 விழுக்காடு. வரி, ஏஜென்ட் கமிஷன் தனி.

மிச்சத்தை விழுங்குவது கையெழுத்து. ஜாக் ஜான்சன், கொலம்பஸ் அணித் தடுப்பாட்டக்காரர், 2014ல் திவால் மனு கொடுத்தார். கடன் ஒரு கோடி டாலருக்கு மேல். குடும்பத்தாருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து, அவருடைய வருங்காலச் சம்பளத்தின் பேரில் வட்டிக்கு வாங்கப்பட்ட கடன்கள். மீண்டு வந்து 2022ல் கொலராடோவோடு கோப்பை வென்றார். பெரார்ட் உட்படப் பல ஆட்டக்காரர்களின் பணத்தைச் சுருட்டிய நிதி ஆலோசகர் ஒருவரை 2015ல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஆட்டக்காரர் மாதக் கணக்கைத் தானே திறந்து பார்க்க வேண்டும். அதிகாரப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே வேலைக்கு, ஒரே தொகை வரம்புக்கு, முடியும் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஓய்வூதியமும் சும்மா வரவில்லை. 1960களில் டொரன்டோவில் ஆடிய தடுப்பாட்டக்காரர் கார்ல் ப்ரூவரும் வேறு சில முன்னாள் ஆட்டக்காரர்களும் ஓய்வூதிய நிதியின் உபரி தங்களுக்குச் சேர வேண்டியது என்று லீக் மீது வழக்குப் போட்டார்கள். 1992ல் ஒன்டாரியோ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1994ல் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. ப்ரூவர் களத்தில் செய்த எந்தத் தடுப்பைவிடவும் இது பெரிது.

கேள்வி: தடுப்பாட்டக்காரர் கிறிஸ் புரோங்கர் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே புகழ் மண்டபத்தில் சேர்ந்தாராமே?

ஆம், 2015ல். 2011 அக்டோபரில் கண்ணில் ஸ்டிக் பட்டு, தலையதிர்ச்சியும் சேர்ந்து, அந்த நவம்பரோடு ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தம் 2017 வரை. 35 வயதுக்கு மேல் தொடங்கும் ஒப்பந்தத்தில் ஆள் முறைப்படி ஓய்வு பெற்றால் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் அந்தச் சுமை நிற்கும். நீண்டகாலக் காயப்பட்டியலில் இருந்தால் நிவாரணம் உண்டு. அதனால் அவர் தாளில் ஆட்டக்காரராகவே இருந்தார். ஃபிலடெல்ஃபியா 2015ல் அவருடைய ஒப்பந்தத்தை அரிசோனாவுக்குக் கைமாற்றியது. இடையில் லீக்கின் ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறையில் சம்பளத்துக்கு வேலையும் பார்த்தார். கணக்கர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இது.

கேள்வி: தலையில் அடிபட்டவர் மறுபடி எப்போது ஆடலாம்?

அறிகுறி அடங்கும் முன் மோதல் உள்ள பயிற்சி கூடாது. பிறகும் படிப்படியாக: லேசான நடை, சைக்கிள், தனியாகச் சறுக்குதல், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பின் மோதலோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. தவறு நடப்பது பெரும்பாலும் தொடக்கத்தில், ஆட்டக்காரர் தலைவலியை மறைப்பதில். இடம் பறிபோகும் என்ற பயம்.

571 என்.எச்.எல். ஆட்டம் ஆடிய தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் மான்டடோர் 2015ல் 35 வயதில் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது சி.டி.இ. எனும் சிதைவு நோய் தெரிந்தது. இறந்த பிறகுதான் அதை உறுதிசெய்ய முடியும். 318 முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடர்ந்த வழக்கை 2018ல் லீக் 1.89 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது; தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்?

களத்தைப் பின்னாலிருந்து முழுசாகப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் பயிற்சியாளர் பெஞ்சுக்குப் போகிறவர்கள் நிறைய. லேரி ராபின்சன் 2000ல் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் நியூஜெர்சியின் பொறுப்பை ஏற்று அந்த வருடமே கோப்பை வாங்கித் தந்தார். பால் காஃபி 2023 நவம்பரில் எட்மன்டனின் தடுப்பாட்டப் பயிற்சிக்கு வந்தார். ராப் பிளேக் லாஸ் ஏஞ்சலஸில் மேலாளரானார். வ்யாசெஸ்லாவ் ஃபெட்டிசோவ் ரஷ்யாவில் விளையாட்டுத் துறையின் தலைவரானார்.

ஓய்வு வரை காத்திருக்காதவர் ரெட் கெல்லி. 1954ல் முதல் நோரிஸ் விருதை வாங்கிய டெட்ராய்ட் தடுப்பாட்டக்காரர். டொரன்டோவுக்குப் போன பின் நடுக்கள முன்வீரராக மாறினார். எட்டு ஸ்டான்லி கோப்பை, இரண்டு வேலைக்கும் நாலு நாலு. 1962 முதல் 1965 வரை ஆடிக்கொண்டே கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

கேள்வி: எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார்? மழுப்பாமல் சொல்லவும்.

பாபி ஆர். தடுப்பாட்டக்காரர் ஒருவர் லீக்கின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இரண்டே முறை, இரண்டும் அவர். நோரிஸ் தொடர்ந்து எட்டு முறை. முழங்கால் கைவிட்டதால் 657 ஆட்டத்தோடு, 30 வயதில் முடிந்தது. ஆனால் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் லிட்ஸ்ட்ரோம். ஆர் செய்ததைப் பார்க்கத்தான் முடியும். லிட்ஸ்ட்ரோம் செய்ததைப் பழகலாம்.

கேள்வி: ஒரு நாள் ஒப்பந்தம் என்கிறார்களே, அது எதற்கு?

ஓய்வு பெறும்போது சட்டையில் எந்த அணியின் சின்னம் இருக்க வேண்டும் என்பதற்கு. காரா 2006 முதல் 14 பருவம் பாஸ்டனில் ஆடிவிட்டு, கடைசி இரண்டு பருவத்தை வாஷிங்டனிலும் ஐலண்டர்ஸிலும் கழித்தார். 2022 செப்டம்பர் 20 அன்று பாஸ்டனோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, அதே நாளில் ஓய்வு அறிவித்தார். 1,680 ஆட்டம், தடுப்பாட்டக்காரர்களில் அதுவே அதிகம்.

அன்றைக்கே இன்னும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் விலகினார்கள். ஒருவர் பி.கே. சுப்பன். மற்றவர் கீத் யான்டில்; 2009 மார்ச்சில் தொடங்கி 13 ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 989 ஆட்டம் ஆடியவர். அந்தத் தொடரை முடித்தது காயம் இல்லை. 2022 ஏப்ரலில் ஒரு நாள் பயிற்சியாளர் அவரை அணியில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.